இல்லற நலம்: காய்ச்சல் தணிந்த பின்னும்

மணமாகி மூன்று ஆண்டுகள், ஐந்து ஆண்டுகள் கடந்தும் மழலைச் சொல் கேளாத இல்லங்கள் நம் பங்குகளில் பல உண்டு. அவ்வில்லங்களில் முதலில் விசாரணைக்கு உள்ளாகிறவள் மருமகளே. மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படுகிறவளும் அவளே. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு நடப்பவளும் அவளே. வளைகாப்பு வீட்டிலும் ஞானஸ்நான விருந்திலும் பின்வரிசையில் ஒதுங்கி நிற்கிறவளும் அவளே. "என் மகனுக்கு என்ன குறை? ஆள் திடகாத்திரமாக இருக்கிறானே!" என்று மாமியார் சொல்ல, கணவனும் அச்சொல்லின் நிழலில் வாளாவிருந்து விடுகிறான். 'மலடி' என்னும் சொல் நம் தெருக்களில் எளிதாக வழங்குகிறது. 'மலடன்' என்னும் சொல்லோ அகராதியோடு நின்றுவிட்டது.

உண்மை வேறு. உலகச் சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதாவது குழந்தைப்பேறின்மையின் துயரைச் சந்திக்கிறார். இத்தகைய தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் உடல்நிலை முழுக் காரணமாகவோ, காரணங்களில் ஒன்றாகவோ அமைகிறது என்பது மருத்துவம் கண்ட முடிவு. புகை, மது, சர்க்கரை நோய், விரை நரம்புகளின் புடைப்பு, பிறவிக் குறைகள் என அக்காரணங்கள் பலவகைப்படும். அவற்றுள் பலரும் எண்ணிப் பாராத ஒன்றை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். விலங்குகளிடமிருந்து மனிதரை வந்தடையும் வைரஸ் கிருமிகள் ஆணின் தந்தைமைப் பேற்றை எவ்வாறு தொடுகின்றன என்பதே அது.

பேசக் கூச்சமான பொருள் என்று சிலர் கருதலாம். இறைவன் படைத்த உடலைப் பற்றி மரியாதையோடு அறிந்துகொள்வதில் இழுக்கு ஏதுமில்லை. அறியாமையால் விளையும் துன்பமே பெரிது.

காவல் மிக்க அறை

ஆணின் விரைகள் வயிற்றுக்குள் அமையாமல் வெளியே தனிப் பையில் அமைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. விந்தணுக்கள் செவ்வனே உருவாக, உடலின் இயல்பான வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி சென்டிகிரேடு குறைந்த வெப்பம் தேவை. கடுங்காய்ச்சல் வந்தால் இந்த ஒழுங்கு குலைகிறது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. அது முதிர்ந்து வெளிவர மேலும் இரண்டு வாரங்கள் வரை ஆகலாம். ஆகவே, இன்று கண்ட காய்ச்சலின் விளைவு அடுத்த வாரத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஏறத்தாழ மூன்று மாத காலம் அதன் சாயல் படிந்தே இருக்கும். காய்ச்சல் எந்தக் கிருமியால் வந்தாலும் இது பொருந்தும்.

இரண்டாவது செய்தி இதனினும் வியப்பானது. நம் உடலின் எதிர்ப்பாற்றல், உடலுக்குச் சொந்தமானவை எவை, அந்நியமானவை எவை என்பதை மிக இளம் பருவத்திலேயே கற்றுக்கொள்கிறது. விந்தணுக்களோ வாலிபப் பருவத்தில்தான் முதன்முதலாகத் தோன்றுகின்றன. எனவே எதிர்ப்பாற்றலின் கண்ணுக்கு அவை அந்நியராகவே படும். அவற்றை அது தாக்கி அழித்துவிடாதபடி, விரைகளுக்குள் உயிரணுக்களால் ஆன நெருக்கமான தடுப்புச் சுவர் ஒன்றை இறைவன் அமைத்திருக்கிறார். கண்ணும் மூளையும் இதுபோன்ற சிறப்புக் காவலுக்கு உட்பட்ட இடங்களே.

இந்தக் காவலில் ஒரு சங்கடமும் உண்டு. இரத்தத்தில் புகுந்த கிருமி எப்படியோ அச்சுவரைக் கடந்து உள்ளே சென்றுவிட்டால், அதைத் துரத்தி வரும் காவலர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். உடலின் மற்றெல்லா இடங்களிலும் நோய் ஒழிந்த பின்னும், அந்த ஓர் அறையில் கிருமி ஒளிந்திருக்கக் கூடும். நோயாளி நலம்பெற்று வயலுக்கும் அலுவலகத்துக்கும் செல்கிறார். அவருக்கே தெரியாமல் கிருமி உள்ளே தங்கியிருக்கிறது.

ஆக, வைரஸ் நோய் ஆணின் பேற்றை மூன்று வழிகளில் தொடுகிறது. காய்ச்சலின் வெப்பத்தால் விந்தணுக்கள் குறைவது ஒன்று. விரையில் அழற்சி தோன்றி அதன் திசுக்கள் கெடுவது மற்றொன்று. விந்துவில் கிருமி தங்கி மனைவிக்கும் கருவில் வளரும் குழந்தைக்கும் பரவுவது மூன்றாவது.

நம் வீடுகளில் தெரிந்த 'பொன்னுக்கு வீங்கி' இவற்றுள் இரண்டாவதற்குச் சான்று. அது விலங்கிடமிருந்து வருவதன்று; மனிதரிடம் மட்டுமே வாழும் கிருமி. வாலிபப் பருவம் எய்திய பின் தடுப்பூசி பெறாத ஆணுக்கு அது கண்டால், பத்துப் பேரில் இருவர் மூவருக்கு விரையும் வீங்கும். பெரும்பாலும் ஒரு பக்கமே வீங்குவதால் முற்றிலும் பேறிழப்பவர் அரியர். நம் பாட்டிமார் இந்நோய் கண்ட வாலிபனைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டது வீண் அச்சத்தால் அன்று என்பது இதனால் விளங்கும்.

ஜிகா காட்டிய பாடம்

விலங்கு வழி வந்த கிருமிகளுள் ஆணின் பேற்றைக் குறித்து மிகுதியாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று ஜிகா. ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டின் எந்தபே நகருக்கு அருகில் ஜிகா என்னும் காடு உள்ளது. மஞ்சள் காய்ச்சலை ஆராய்வதற்காக அங்கே கூண்டில் வைக்கப்பட்டிருந்த ஒரு குரங்குக்கு 1947-ஆம் ஆண்டு காய்ச்சல் கண்டது. அதன் இரத்தத்தில் அதுவரை அறியப்படாத ஒரு வைரஸ் காணப்பட்டது. காட்டின் பெயரே அதற்கு இடப்பட்டது. காட்டுக் குரங்குகளிடையே கொசுவால் சுற்றிவந்த அக்கிருமி, ஊர்க் கொசுவான ஏடிஸ் வழியாக மனிதரிடையே பரவலாயிற்று. 2007-ல் பசிபிக் கடலின் யாப் தீவிலும், 2013-ல் பிரெஞ்சு பொலினீசியாவிலும், 2015-ல் பிரேசிலிலும் பெருகியது. கருவுற்ற தாய்மாருக்கு அது கண்டபோது தலை சிறுத்த குழந்தைகள் பிறந்தன. 2016 பிப்ரவரி முதல் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பன்னாட்டு நெருக்கடியாக அறிவித்தது.

கொசு கடித்தால்தான் இந்நோய் வரும் என்று எண்ணியிருந்தனர். ஆனால் 2008-ல் செனகல் நாட்டில் ஆய்வு செய்து தாயகம் திரும்பிய அமெரிக்க அறிவியலர் ஒருவருக்கு இந்நோய் கண்டது. அடுத்த சில நாட்களில், அமெரிக்காவை விட்டு வெளியே செல்லாத அவர் மனைவிக்கும் அதே நோய் வந்தது. கணவனின் விந்து வழியாகவே அது வந்திருக்க வேண்டும் என்று 2011-ல் அறிஞர் எழுதினர். பின்னர் அமெரிக்காவில் ஜிகா கண்ட 184 ஆண்களைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, 60 பேரின் விந்துவில் கிருமியின் மரபுப்பொருள் காணப்பட்டது. ஒருவரிடம் அது 281 நாட்கள் வரை நீடித்தது. மரபுப்பொருள் காணப்படுவதால் மட்டும் கிருமி உயிரோடு இருக்கிறது என்று கொள்ள முடியாது. அவ்வாய்வில் உயிருள்ள கிருமி முதல் 30 நாட்களுக்குள் எடுத்த விந்துவில் மட்டுமே கிடைத்தது. இவ்வேறுபாட்டை அறிந்தால் வீண் கலக்கம் நீங்கும்.

தந்தைமைப் பேறு என்னாயிற்று? 2016-ல் ஆய்வுக்கூடச் சுண்டெலிகளில் இக்கிருமியைச் செலுத்தியபோது அவற்றின் விரைகள் சுருங்கின. விந்தணுக்கள் பெரிதும் குறைந்தன. மனிதரிடம் அத்துணைக் கேடு காணப்படவில்லை. கரீபியக் கடலில் உள்ள குவாடலூப் தீவில் ஜிகா கண்ட 15 ஆண்களை ஆராய்ந்தபோது, நோய் கண்ட முதல் மாத முடிவில் விந்தணுக்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது. நான்காம் மாதத்தில் இயல்பை நெருங்கியது. ஜிகாவால் ஆண்கள் நிலையாகப் பேறிழந்தனர் என்பதற்குச் சான்று இல்லை. சில மாதங்கள் தளர்ச்சி, பின்னர் மீட்சி என்பதே அறியப்பட்ட உண்மை.

இது தொலைதூரத்துச் செய்தி மட்டுமன்று. 2017-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்கு ஜிகா கண்டறியப்பட்டது. 2018-ல் ராஜஸ்தானிலும், 2021-ல் கேரளத்திலும் கான்பூரிலும் அது தலைகாட்டியது. நம் வீட்டுத் தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் முட்டையிட்டு, பகலில் கடித்து டெங்குவைப் பரப்பும் அதே கொசுதான் இதையும் பரப்புகிறது.

மிஷன் மருத்துவமனையிலிருந்து தொடங்கிய கதை

எபோலா என்னும் கொடிய நோயின் வரலாறு கத்தோலிக்கராகிய நாம் அறிய வேண்டிய ஒன்று. 1976-ஆம் ஆண்டு அன்றைய சயீர் நாட்டில், இன்றைய காங்கோவில், யம்புக்கு என்னும் ஊரில் பெல்ஜிய நாட்டு அருட்சகோதரிகள் நடத்திய மிஷன் மருத்துவமனையில்தான் அந்நோய் வெளிப்பட்டது. முதலில் அறியப்பட்ட நோயாளி அந்த மிஷன் பள்ளியின் தலைமையாசிரியர். மலேரியா என்று கருதி அவருக்கு ஊசி போடப்பட்டது. நாளொன்றுக்கு ஐந்தே ஊசிகளை வைத்துக்கொண்டு, போதிய அளவு கொதிக்க வைக்காமல், வந்தவர் அனைவருக்கும் அவற்றையே பயன்படுத்தி வந்தனர். 318 பேருக்கு நோய் பரவியது. 280 பேர் மாண்டனர். மருத்துவமனை ஊழியர் 17 பேரில் 11 பேர் இறந்தனர். அருட்சகோதரிகளும் அவர்களுள் அடங்குவர். அன்பு இருந்தது, உழைப்பு இருந்தது, ஆனால் கிருமியைப் பற்றிய அறிவும் போதிய கருவிகளும் இல்லை. பிறரன்புக்கு அறிவும் துணை வேண்டும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேறில்லை.

அக்கிருமி இங்கிலாந்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆராயப்பட்டபோது, அதே ஆண்டு நவம்பரில் ஊழியர் ஒருவரின் விரலில் ஊசி குத்தி அவருக்கும் நோய் தொற்றியது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் நோய் கண்டு 61 நாட்கள் கடந்த பின்னும் அவரது விந்துவில் கிருமி இருந்தது. இதற்கு முன்னோடியான செய்தியும் ஒன்று உண்டு. 1967-ல் உகாண்டாவிலிருந்து கொணர்ந்த குரங்குகளின் வழியாக, ஜெர்மனியின் மார்பர்க் முதலிய நகரங்களில் எபோலாவின் உறவினமான ஒரு கிருமி பரவியது. அதிலிருந்து மீண்ட ஒருவரிடமிருந்து அவர் மனைவிக்கு நோய் தொற்றியது.

ஆயினும் இச்செய்திகள் மருத்துவ ஏடுகளிலேயே உறங்கின. 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா 28,000-க்கும் மேற்பட்டோரைப் பற்றி 11,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் உள்ள புனித சூசையப்பர் கத்தோலிக்க மருத்துவமனையில் பணியாற்றிய துறவியரும் செவிலியரும் நோயாளரைக் கைவிடாமல் தாமும் உயிர் துறந்தனர். நோய் அடங்கி வந்த வேளையில், 2015 மார்ச்சில், புதிதாக ஒரு பெண்ணுக்கு நோய் கண்டது. நோயாளர் எவரையும் அவர் தொட்டிருக்கவில்லை. ஆராய்ந்தபோது, பல மாதங்களுக்கு முன் எபோலாவிலிருந்து மீண்ட ஓர் ஆணோடு அவர் உறவு கொண்டிருந்தது தெரிந்தது. அந்த ஆணுக்கு நோய் கண்டு 199 நாட்கள் ஆகியும் விந்துவில் கிருமியின் மரபுப்பொருள் இருந்தது. 2021-ல் கினி நாட்டில் எபோலா மீண்டும் தலையெடுத்தபோது, அக்கிருமி முந்தைய கொள்ளைநோயின் கிருமியோடு ஏறக்குறைய ஒத்திருந்தது. விலங்கிடமிருந்து புதிதாக வந்ததன்று, மீண்ட ஒருவரின் உடலில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கியிருந்ததே அது என்று அறிஞர் முடிவு செய்தனர்.

இதன் பயனாக லைபீரிய அரசு 2015-லேயே மீண்ட ஆண்களுக்கு விந்துப் பரிசோதனையும் ஆலோசனையும் தர ஏற்பாடு செய்தது. இருமுறை பரிசோதித்து இருமுறையும் கிருமி இல்லை என்று தெரிந்தால் அச்சம் நீங்கும். பரிசோதனைக்கு வழியில்லாதோர் ஓராண்டு காலம் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். இதில் நாம் கற்க வேண்டிய பாடம் இரண்டு. ஒன்று, மீண்டவர் குற்றவாளி அல்லர்; அவரை ஊரை விட்டு ஒதுக்குவது பாவம். மற்றொன்று, மீண்டவர் தம் மனைவிக்கு உண்மையை மறைப்பதும் பாவம்.

நம் தோட்டமும் தொழுவமும்

கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் 2018-ல் நிபா என்னும் வைரஸ் நோய் பரவியதை நாம் மறக்கவில்லை. பழந்தின்னி வௌவால்களிடம் வாழும் கிருமி அது. 1998-99-ல் மலேசியாவில் வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் தாவி முதன்முதலாக வெளிப்பட்டது. கேரளத்தில் பிழைத்தோர் மிகச் சிலரே. உயிர் பிழைத்த ஓர் ஆணின் விந்துவில் நிபாவின் மரபுப்பொருள் தங்கியிருந்ததை நம் நாட்டு ஆய்வாளர்கள் கண்டு வெளியிட்டனர். அதனால் எவருக்கும் நோய் பரவியதாகச் செய்தி இல்லை. எனினும் அந்தக் காவல் மிக்க அறையை இக்கிருமியும் எட்டக் கூடும் என்பது தெளிவாயிற்று. வௌவால் கடித்துப் போட்ட பழத்தைக் குழந்தைகள் பொறுக்கித் தின்னாமல் பார்த்துக்கொள்வது எளிய காப்பு.

மாடு, ஆடு வளர்ப்போர் அறிய வேண்டிய ஒன்றையும் இங்கே சொல்லிவிடுவது நலம். கன்று வீச்சு நோயை உண்டாக்கும் புருசெல்லா, வைரஸ் அன்று, அது பாக்டீரியா. ஆயினும் காய்ச்சாத பாலாலும், கன்று வீசிய பசுவின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடுவதாலும் மனிதருக்கு வந்து, விட்டு விட்டுக் காய்ச்சலையும் ஆண்களுக்கு விரை வீக்கத்தையும் தரவல்லது. இதற்குத் தகுந்த மருந்து உண்டு; காலத்தில் காட்டினால் குணமாகும். பெண் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதில் தடுப்பூசி போடும் திட்டத்தை மத்திய அரசு 2019-ல் தொடங்கியது. கால்நடை மருத்துவர் ஊருக்கு வரும் நாளில் கன்றை ஒளித்து வைக்காதீர்கள்.

கொரோனாவும் வதந்தியும்

2020-ல் உலகையே வீட்டுக்குள் அடைத்த கொரோனாக் கிருமிக்கு நெருங்கிய உறவினமான கிருமிகள் வௌவால்களிடம் காணப்படுகின்றன. அந்நோய் கண்ட ஆண்கள் பலருக்கு விந்தணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் சில காலம் குறைந்தன. கடுங்காய்ச்சலே இதற்கு முதன்மையான காரணம் என்று கருதப்படுகிறது. பெரும்பாலோருக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களில் நிலைமை சீரடைந்தது.

நோய் செய்த கேட்டைவிட வதந்தி செய்த கேடு பெரிது. தடுப்பூசி போட்டால் ஆண்மை போய்விடும் என்று ஊர் ஊராகப் பேசப்பட்டது. நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2021 சனவரியிலேயே இதை அடியோடு மறுத்தார். அமெரிக்காவில் ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசி போடும் முன்னும் பின்னும் 45 ஆண்களை ஆராய்ந்து அதே ஆண்டில் வெளியிட்ட முடிவும், விந்தணுக்கள் குறையவில்லை என்றே காட்டியது. பல நாட்களுக்குக் கடுங்காய்ச்சலைத் தந்து, சில மாதங்களுக்கு விந்தணுக்களைக் குறைத்தது நோய்தான். அதிலிருந்து காக்க வந்தது ஊசி. காப்பதைக் கண்டு அஞ்சி, கெடுப்பதற்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள் எத்தனை பேர்!

செய்ய வேண்டுவன

மணமாகி ஓராண்டு இயல்பாக இல்லறம் நடத்தியும் கரு தங்காவிடில், கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மனைவியின் வயது 35-ஐக் கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே செல்வது நன்று. விந்துப் பரிசோதனை எளியது, செலவும் குறைவு, வலியற்றது. பெண்ணுக்குச் செய்யும் பரிசோதனைகளோ பல. அவற்றுள் சில வேதனை தருபவை. அப்படியிருக்க, கணவனின் பரிசோதனை நடவாமல் மனைவியை மருத்துவமனை மருத்துவமனையாக இழுத்தடிப்பது எந்த நீதி? பரிசோதனைக்கு விந்து எடுக்கும் முறைபற்றி மனச்சான்றில் ஐயம் எழுந்தால், மருத்துவரையும் தம் ஆன்ம குருவையும் கலந்து கொள்ளலாம். இல்லற உறவோடு ஒட்டிய முறைகளும் உண்டு.

கடந்த சில மாதங்களில் கண்ட கடுங்காய்ச்சலை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். காய்ச்சல் கண்ட அடுத்த மாதமே பரிசோதித்து, எண்ணிக்கை குறைவு என்ற தாளைக் கையில் பிடித்துக்கொண்டு இடிந்து போகாதீர்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். ஒரே பரிசோதனையை வைத்து எதையும் முடிவு செய்யலாகாது.

விரையில் வலியோ வீக்கமோ தோன்றினால் வெட்கத்தால் மறைக்காதீர்கள். சில வேளைகளில் அது மணிக்கணக்கில் கவனிக்க வேண்டிய அவசர நிலையாகவும் இருக்கும். சுவரொட்டியில் விளம்பரம் செய்யும் லேகியக்காரரிடம் பணத்தையும் காலத்தையும் இழக்க வேண்டாம்.

ஜிகா கண்ட ஆண், நோய் தொடங்கிய நாள் முதல் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மனைவி கருவுற்றிருந்தால் குழந்தை பிறக்கும் வரை காத்திருக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் விலகியிருத்தலையும் காப்புறையையும் கூறுகிறது. அவ்விரண்டில் முழுக் காப்பு விலகியிருத்தலே. நம் திருச்சபை காட்டும் வழியும் அதுவே. கணவனும் மனைவியும் மனமொத்துச் சிறிது காலம் விலகியிருப்பதைப் பற்றிப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 7-ஆம் அதிகாரத்தில் பேசுகிறார். அங்கே அவர் வற்புறுத்துவது மனமொத்தல் என்பதை. காரணத்தைச் சொல்லாமல் கணவன் மட்டும் ஒதுங்கினால் மனைவியின் உள்ளத்தில் ஐயம் முளைக்கும். காரணத்தைச் சொல்லி இருவரும் சேர்ந்து காத்திருந்தால், அந்தக் காத்திருப்பே அன்பின் செயலாகும்.

பெரியோர்க்கு ஒரு சொல்

எல்லாம் செய்தும் குழந்தை பிறவாத இல்லங்கள் இருக்கும். அவர்களுக்கு நாம் சொல்வது என்ன? முதலாவது, திருமணம் குறைபட்டுவிடவில்லை. பிள்ளைப்பேறின்மை திருமணத்தைத் தடை செய்வதுமில்லை, செல்லாததாக்குவதுமில்லை என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1084-ஆம் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. வேறு பெண் பார்க்கலாம் என்று மகனின் காதில் ஓதும் தாயும் தகப்பனும் இதை நினைவில் கொள்க. மருத்துவத்தின் நேர்மையான வழிகள் அனைத்தும் முடிந்த பின்னும் பேறு வாய்க்காதவர்கள் தம் வேதனையை ஆண்டவரின் சிலுவையோடு இணைக்கலாம் என்றும், கைவிடப்பட்ட குழந்தைகளைத் தத்தெடுத்தோ பிறருக்குத் தொண்டாற்றியோ தம் தாராள உள்ளத்தைக் காட்டலாம் என்றும் 1992-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் வழிகாட்டுகிறது.

சாமுவேல் முதல் நூலில் அன்னாளின் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். குழந்தையில்லாத அவளை அவ்வீட்டு மற்றொருத்தி ஏளனம் செய்தாள். ஆலயத்தில் அவள் உதடசைத்துச் செபித்தபோது, குருவே அவளைக் குடிவெறி கொண்டவள் என்று தவறாக எண்ணினார். ஆனால் அவள் கணவன் எல்கானா அவளை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அவள் அழுதபோது அருகிருந்து தேற்றினான். பலி விருந்தில் அவளுக்குரிய பங்கைக் குறையாமல் கொடுத்தான். மறையுரைகளில் அன்னாளின் செபத்தைப் போற்றுகிறோம். எல்கானாவின் அன்பையோ கவனியாமல் கடந்துவிடுகிறோம். நம் வீட்டு ஆண்மக்கள் அவனிடமிருந்து கற்கட்டும்.

காட்டுக் குரங்கிடமிருந்தும் வௌவாலிடமிருந்தும் வரும் கிருமி, ஆண் என்றும் பெண் என்றும் பார்ப்பதில்லை. பழியை மட்டும் நாம்தான் ஒரு பக்கமே சுமத்துகிறோம். அடுத்த முறை உங்கள் இல்லத்திலோ சுற்றத்திலோ, "இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்ற கேள்வி எழும்போது, மருமகளைப் பார்த்துக் கேட்பதை நிறுத்துங்கள். தேவைப்பட்டால் மகனைத் தனியே அழைத்து, "தம்பி, நீயும் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிட்டு வா" என்று அன்போடு சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லால் ஒரு பெண்ணின் பல ஆண்டுக் கண்ணீர் துடைக்கப்படலாம்.

நாசரேத்துத் திருக்குடும்பத்தின் பாதுகாவலரான புனித சூசையப்பர் நம் இல்லங்களைக் காப்பாராக.